கடுகு அடங்கிய பிறகு

காலையில் முதலில் கேட்பது அடுப்பின் சீறல். பிறகு சட்டி வைக்கும் சத்தம். எண்ணெய் காய்வதற்குச் சத்தம் கிடையாது. அந்த இடைவெளியில் உலகம்மை காதில் மாட்டியிருக்கும் காதொலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஒரு கடுகு வெடிக்கும். அடுத்து இரண்டு, மூன்று, பிறகு எண்ண முடியாத அளவு. எண்ணுவது அவள் வேலையில்லை, அதைப் பொறி எண்ணிக்கொள்ளும். திரையில் அந்தச் சமையற்கூடத்தின் புள்ளி மஞ்சளாகும். அவள் அடுத்த புள்ளிக்குப் போவாள்.

திருநெல்வேலியில் இருந்த உணவு வரவுக் கணிப்பகத்தில் அவளுக்கு வெளிமாநிலப் பிரிவு. வடக்கே குளிர்கூடாரங்களில் வேலை செய்யும் தென்னாட்டுத் தொழிலாளர்களின் சமையற்கூடங்கள் அனைத்தும் அவள் பொறுப்பு. பக்கத்து மேசை பீர்முகமதுக்கு உள்ளூர்ப் பிரிவு.

"அடுத்த வீட்டு ரசத்தை ஒட்டுக்கேட்கச் சம்பளம் கொடுக்கிற வேலை வேற எங்கம்மா கிடைக்கும்?" என்பார் பீர்முகமது. உலகம்மை சிரிப்பாள். பதில் சொல்லமாட்டாள். பொதுவாகவே அவள் பதில் சொல்வது குறைவு. தாவரவியல் படித்தவள். நேர்முகத் தேர்வில்கூட மூன்று கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு.

கடுகுச் செடி பூக்கும்போது குளிர் வேண்டும். வடக்கே குளிர்காலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, கடைசியில் சில வாரங்களாக நின்றுவிட்டது. குளிர்நாடுகளிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த கடுகினத்து எண்ணெய் வித்துகளோ விமானங்களுக்கு எரிபொருளாகப் போகத் தொடங்கின. வடக்கே மலைச்சரிவுகளில் பெரிய கூடாரங்கள் அடித்து, உள்ளே குளிர்வாயுக் குழாய்கள் ஓட்டி, செயற்கையாகப் பனிக்காலம் உண்டாக்கிக் கடுகு விளைவித்தார்கள். விளைந்ததைப் பங்கிட வேண்டியிருந்தது. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் இரட்டிப்பாகச் சொன்னார்கள். அதனால் அடுப்புகளில் செவி பொருத்தினார்கள்.

அடுப்புச்செவி மனிதக் குரலை வடிகட்டிவிடும். அது சட்டம். அதற்குக் கேட்பதெல்லாம் அடுப்பு, பாத்திரம், குக்கர், கடுகு. ஒரு வீட்டில் எவ்வளவு பொரிந்ததோ அவ்வளவுதான் அடுத்த காலாண்டில் அந்த வீட்டின் பங்கு. அடுப்பு எரிந்தும் தொடர்ந்து பத்து நாள் கடுகு பொரியவில்லை என்றால் 'சுவைவிலகல்' என்று பதிவாகும். அந்த வீட்டுக்குக் கடுகு தேவையில்லை என்று பொருள். அதன் பங்கு எரிபொருள் கணக்குக்குப் போகும், செவியும் அணைக்கப்படும். திரும்பக் கேட்டு வாங்கியவர்கள் யாரையும் உலகம்மைக்குத் தெரியாது.

தினமும் அவள் முதலில் திறக்கும் புள்ளி வடக்கே ஒரு முகாமின் சமையற்கூடம். அங்கே சமைப்பவன் அவள் அண்ணன் கோமதிநாயகம்.

அவன் குளிர்வாயுக் குழாய் வேலைக்குத்தான் போனான். முகாமில் சாம்பார் என்று ஒன்று தந்தார்கள் என்றும், அதற்கு வேறு பெயர் வைத்தால் சண்டையே வராது என்றும் போன புதிதில் எழுதியிருந்தான். பிறகு அவனே கரண்டியைப் பிடித்தான். சங்கரன்கோயிலிலிருந்து அவன் மனைவி, உலகம்மையின் மதினி ஆவுடை தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டான். எண்ணெய் புகையக் கூடாது. கடுகு அடங்கிய பிறகுதான் உளுந்து. உளுந்து சிவந்த பிறகு மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. அவன் எதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறவன். சட்டை மாட்டும்போது கூட எல்லாப் பொத்தானையும் போட்ட பிறகுதான் அடுத்த பேச்சைப் பேசுவான்.

அறுவடை தொடங்கியதும் கூடாரங்களை நடத்தும் நிறுவனம் தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது. விதைத் திருட்டைத் தடுக்க என்றார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு செய்தி வரும்: உங்கள் உறவினர் நலம். எல்லா வாரமும், எல்லா வீட்டுக்கும் அதே மூன்று சொற்கள்.

ஆவுடை அந்தச் செய்தியை நம்பவில்லை. உலகம்மையின் காதைத்தான் நம்பினாள். அவள் மாலையில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே மதினியின் கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்குப் பொரிஞ்சுதா?"

உலகம்மை தலையாட்டுவாள்.

"கடுகை அடங்கவிட்டாகளா, இல்ல அவசரமா?"

"அடங்கவிட்டுத்தான், மதினி."

ஆவுடை அதற்குமேல் கேட்கமாட்டாள். அடுப்பங்கரைக்குள் போகும்போது அவள் நடை மாறியிருக்கும். அலுவலகத்தில் கேட்டதை வெளியில் சொல்வது விதிமீறல் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் புள்ளி மஞ்சளாகவில்லை. அடுப்பு சீறியது. குக்கர் விசில் அடித்தது. சட்டி வைக்கும் சத்தம் இல்லை. சரக்கு வந்து சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அன்று மாலை மதினி கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாள். ஒரு நாள்தானே.

மறுநாளும் அப்படியே. சரக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தாள். முகாமுக்குக் கடுகு முந்தின வாரமே போயிருந்தது. மூன்றாம் நாள் காதொலியை அழுத்திப் பிடித்துக் கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. அங்கே தினமும் இரண்டு குக்கர் வைப்பார்கள். ஒன்று தடித்த குரல், ஒன்று கீச்சுக் குரல். இப்போது கீச்சுக் குரல் மட்டும்தான் கேட்டது.

சோறு வேகிறது. குழம்பு கொதிக்கிறது. தாளிக்கவில்லை.

உலகம்மையின் ஊர்ப்பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் தாளிக்கமாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது. அப்பா இறந்தபோது பதினாறு நாளும் அவள் பருப்பை வெறும் உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். பதினேழாம் நாள் அம்மா எண்ணெய் காயவைத்துக் கடுகைப் போட்டபோது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெருவில் பேச்சு தொடங்கியது.

முகாமில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஒரு குக்கர் அளவுக்கு.

கூடாரங்களின் விளைச்சல் எதிர்பார்ப்பைத் திறந்து பார்த்தாள். அந்த முகாமுக்குரிய கூடாரத்தின் எண் இருந்த வரிசையில் 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'குளிர்வாயுக் கசிவு, பயிர் இழப்பு' என்று எழுதியிருந்தார்கள். பயிரைத் தவிர வேறு இழப்புக்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது.

பீர்முகமது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். "என்ன உலகம், கடுகோட சண்டையா?" என்று தொடங்கியவர், அவள் காதொலியைக் கழற்றி நீட்டியதும் வாங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். அவள் மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அண்ணன் அங்கே சமைப்பதையும் சொன்னாள். அலுவலகத்தில் அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சமைக்கிறது யாருன்னு தெரியுதா?"

"தாளிச்சாத் தெரியும். சோறு வேகிற சத்தத்துல என்ன தெரியும்?"

அவர் காதொலியை மேசைமேல் வைத்தார். உயிரோடு இருந்து மற்றவர்களுக்காக அவன் தாளிக்காமல் இருக்கலாம். அவனுக்காக மற்றவர்கள் தாளிக்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

நிறுவனத்துக்குப் பீர்முகமது தன் பெயரில் எழுதிக் கேட்டார். தொழிலாளர் நலன் குறித்த விவரங்கள் ஞாயிறு செய்தியில் தெரிவிக்கப்படும் என்று உடனே பதில் வந்தது. அன்றே ஞாயிறு. செய்தியும் வந்தது. ஆவுடை தொலைபேசியை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நலம்னு போட்டிருக்கான். நீ என்ன சொல்லுதே? இன்னைக்கும் பொரிஞ்சுதா?"

உலகம்மை தலையாட்டினாள். குனிந்து செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மதினி அடுப்பங்கரைக்குள் போய் எண்ணெயை ஊற்றினாள். கடுகு வெடித்தது. உலகம்மை எழுந்து கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா நின்றாள். அண்ணன் இறந்திருந்தால் இந்த வீட்டில் இந்தச் சத்தம் கேட்கக் கூடாது. இறக்கவில்லை என்றால் இதை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய பாவம் இல்லை.

பத்து நாள் நெருங்கியது. முகாம் புள்ளியின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. பத்தாம் நாள் முடிந்தால் சுவைவிலகல். செவி அணைந்துவிடும். பதினாறு கழிந்து அங்கே கடுகு பொரிந்தாலும் அவளுக்குக் கேட்காது.

கணிப்பகத்தின் துணை இயக்குநர் ஹெலன் கிறிஸ்டபெல். நல்ல மாதிரி. காலாண்டு அறிக்கை நெருங்கும் வாரங்களில் மட்டும் யாரும் அவர் அறைப் பக்கம் போகமாட்டார்கள். உலகம்மை போனாள். கதவுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போனதும் முதல் வாக்கியம் மறந்துவிட்டது.

சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. ஹெலன் குறுக்கே பேசவில்லை. கடைசியில், தங்கள் வீட்டில் அப்படி வழக்கம் இல்லையென்றும், தன் அப்பா அடக்கத்தன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பில் தாளிப்பு மிதந்ததென்றும், அதனால் இது தனக்குத் தோன்றியே இருக்காதென்றும் சொன்னார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு முகாம் மட்டுமல்ல. கடந்த நாலைந்து ஆண்டுகளின் வெளிமாநிலப் பயன்பாட்டு வரைபடத்தை அவர் எடுத்துக் காட்டினார். கோடு மெல்லச் சரிந்துகொண்டே வந்திருந்தது. இளைய தலைமுறைத் தொழிலாளர்களுக்குக் கடுகில் நாட்டம் குறைகிறது என்று ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதியிருந்தார்கள். அந்தச் சரிவை வைத்துத்தான் நாட்டின் உணவுப் பங்கைக் குறைத்து எரிபொருள் பங்கைக் கூட்டினார்கள். சரிவு முழுக்க ஒரே சாய்வாக இல்லை. படிப்படியாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு முகாம் பத்து நாள் மௌனமாக இருந்து, பிறகு அணைக்கப்பட்டிருந்தது.

இரண்டு பேரும் அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் ஹெலன்.

உலகம்மை கேட்டது ஒன்றுதான். பதினாறு கழியும்வரை அந்தச் செவியை அணைக்கக் கூடாது.

'சரிபார்ப்பில்' என்று போட்டு ஒரு புள்ளியை ஒரு வாரம் திறந்து வைக்கத் துணை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அறிக்கை போகிற நேரத்தில் அந்தக் காலாண்டின் சரிவுக்குக் காரணம் எழுதாமல் விட்டால் தலைமையகம் தோண்டும். தோண்டினால் முதலில் கண்ணில் படுவது திறந்து வைத்த அந்தப் புள்ளிதான். ஹெலன் இதை விளக்கும்போது உலகம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் எழுத வேண்டியது பிரிவுப் பொறுப்பாளர், அதாவது அவள்.

"சாவுன்னு எழுதினா?"

"எழுதலாம்மா. ஆதாரம் கேட்பாங்க. தாளிக்கலைங்கிறது ஆதாரம் ஆகாது. விசாரணைன்னு வந்தா முதல்ல எல்லாச் செவியையும் அணைப்பாங்க. உங்க அண்ணனோடதையும்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எதை எழுதினாலும் நான் அனுப்புறேன். யோசிச்சு எழுது."

உலகம்மை தன் மேசைக்குத் திரும்பினாள். காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பீர்முகமது டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீ ஆடை கட்டியது. அவள் எழுதினாள்: தென்மாநிலத் தொழிலாளரிடையே கடுகு நாட்டம் குறைந்துவருகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பினாள். சிவந்திருந்த புள்ளியின் ஓரம் சாம்பல் நிறத்துக்கு மாறியது. சரிபார்ப்பில்.

அன்று வீடு திரும்பியதும் ஆவுடை கேட்டாள். அவள் தலையாட்டினாள். ஆவுடை அங்கேயே நின்றாள்.

"ஏட்டி, முன்னயெல்லாம் என் மூஞ்சியப் பாத்துத் தலையாட்டுவே."

"தலைவலி, மதினி."

ஆவுடை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை என்று சொல்லவில்லை.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு விடுப்பு முறைவைத்து வரும், அன்று உலகம்மைக்கு விடுப்பு. முதல் பேருந்தைப் பிடித்துப் போய் உட்கார்ந்தாள். பீர்முகமதுவும் வந்திருந்தார். தனக்கு வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், தூசி தாங்கவில்லை என்றார். நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அடுப்பு சீறியது. குக்கர் விசில் அடித்தது. கீச்சுக் குரல் மட்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரும்பில் இரும்பு உரசியது. சட்டி.

அவள் காதொலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். எண்ணெய் காய்கிற அந்த இடைவெளி. அண்ணன் அந்த நேரத்தில் கரண்டியால் சட்டி விளிம்பை ஒரு தட்டு தட்டுவான். தட்டு கேட்கவில்லை. மறந்திருக்கலாம்.

கடுகு வெடித்தது. ஒன்று. இரண்டு. மளமளவென்று. புள்ளி மஞ்சளானது. பீர்முகமது அவள் தோளருகே கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார். அவருக்குத் திரைதான் தெரிந்தது. அவளுக்குக் கேட்டது.

கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போதே உளுந்தின் கனத்த சத்தம் நடுவில் கேட்டது. அதோடு மிளகாய். அதோடு கறிவேப்பிலையின் சடசடப்பு. யாரோ எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளி ஒன்றாகப் போட்டிருந்தார். பிறகு அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார். பாதிக் கடுகு வெடிக்காமலே அடங்கியது.

பொறி அதையும் எண்ணியது. வழக்கத்தைவிடக் குறைவு என்று காட்டியது.

உலகம்மை காதொலியைக் கழற்றி, கம்பியைச் சுற்றி, இழுப்பறையில் வைத்தாள். பீர்முகமது பேருந்து நிலையம்வரை கூடவே வந்தார். சங்கரன்கோயில் பேருந்து கிளம்பும்வரை சன்னலுக்குக் கீழே நின்றார்.

வழியெல்லாம் அவள் காரணங்கள் தேடினாள். அண்ணனுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். கையைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். மருத்துவமனையில் இருக்கலாம். திரும்பக் குழாய் வேலைக்கே போட்டிருக்கலாம். ஒவ்வொரு காரணத்தோடும் கொஞ்ச தூரம் போனாள். நடக்க முடிகிற நிலையில் இருந்தால், பதினாறு கழிந்த முதல் தாளிப்பை அவன் இன்னொருவர் கையில் விட்டிருக்கமாட்டான் என்ற இடத்தில் ஒவ்வொன்றும் நின்றது.

தெருவில் எல்லா வீட்டிலும் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஆவுடை அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். சட்டியில் எண்ணெய். இடது கையில் அஞ்சறைப்பெட்டி. உலகம்மையின் காலடி கேட்டுத் திரும்பியவள் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றது இதுவே முதல் தடவை.

"பொரிஞ்சுது, மதினி" என்றாள் உலகம்மை. தலையாட்டவில்லை. "பதினாறு நாளா அங்க தாளிக்கல. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். இன்னைக்குத்தான் பொரிஞ்சுது."

ஆவுடையின் பார்வை அவள் உதட்டிலேயே இருந்தது.

"உளுந்தையும் சேத்தே போட்டுட்டாங்க."

எண்ணெய் புகையத் தொடங்கியது. ஆவுடை விரல்களுக்கிடையில் எடுத்து வைத்திருந்த கடுகை அப்படியே பிடித்திருந்தாள்.

"அவுக அப்படிப் போடமாட்டாகளே" என்றாள். யாரிடமோ விளக்கம் கேட்பதுபோல இருந்தது.

பிறகு கடுகைப் பெட்டியில் திரும்பப் போட்டாள். விரலில் ஒட்டியிருந்த ஒன்றையும் தட்டிவிட்டாள். மூடியை அழுத்தினாள். அடுப்பை அணைத்தாள். அலமாரிமேல் தொலைபேசி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை. எடுத்துப் பார்க்காமலே இரண்டு பேருக்கும் அந்த மூன்று சொற்கள் தெரியும்.

உலகம்மை மதினியின் கையைப் பிடித்தாள். அடுப்புக்குமேல் செவியின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது இனி இந்த வீட்டின் மௌனத்தையும் கேட்கும். பத்து நாள் கேட்டுவிட்டு, இந்த வீட்டுக்குக் கடுகு பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளும்.

சட்டியில் எண்ணெய் ஆறுவதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. எதிர்வீட்டுச் செண்பகவடிவு. தினமும் இந்த நேரத்தில் அவளும் தன் அடுப்பில்தான் நிற்பாள். எண்ணெய் புகைந்த வாடை தெருவரை வந்திருந்தது. அதன் பின்னால் வர வேண்டிய சத்தம் வரவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, செருப்பில்லாமல் வந்திருந்தாள்.

"ஆவுடை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வருகிறபோதே தன் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் பொரிந்துகொண்டிருந்தது நின்றது. அதற்கடுத்த வீட்டிலும்.